பைன் மர வளையங்கள்: மரவாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை மூலக்கடைப் பக்கத்து மரவாடி ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். நான் தாவரவியல் படித்தவன் என்று முதலாளி ஒருநாள் யாரிடமோ சொல்லிவைக்க, அன்றிலிருந்து மரம் பற்றிய சந்தேகம் எல்லாம் என் மேசைக்கே வருகிறது. கட்டில் செய்ய வருகிறவர்கள், ஆசாரிகள், வட்டுக் கட்டை தேடி வரும் பள்ளிப் பிள்ளைகள் என எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான்.

பேச்சு பைன் மரத்தைச் சுற்றியே இருப்பதற்குக் காரணம் உண்டு. துறைமுகம் வழியாக வரும் கட்டையிலும் பேக்கிங் பெட்டியிலும் சரக்கு அடுக்கும் பேலட்டிலும் பெரும்பங்கு அதுதான். வளையம் பளிச்சென்று கண்ணில் படுவதும் அதில்தான். கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே போட்டிருக்கிறேன்.

மரத்தை அறுத்தால் வட்டம் வட்டமாகத் தெரிகிறதே, அது என்ன?

மரத்தோலுக்கு அடியில் கேம்பியம் என்றொரு மெல்லிய படலம் இருக்கிறது. மரம் பருப்பது அந்த ஒரு படலத்தின் வேலையால்தான். குளிர்நாட்டுப் பைனில் இளவேனிலில் அது விழித்து, தண்ணீர் தாராளமாக ஓடுவதற்கு ஏற்ற அகலமான, சுவர் மெலிந்த நுண்குழல்களை உண்டாக்கும். கோடை முற்றும்போது குழல்கள் சிறுத்துச் சுவர் தடிக்கும். குளிர் வந்ததும் வேலை நின்றுவிடும். முதலில் உண்டானது வெளிர்நிறப் பட்டை, பிறகு உண்டானது கருநிறப் பட்டை. மறு ஆண்டு வெளிர்ப்பட்டை மறுபடி தொடங்கும் இடத்தில் கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு விழும்.

ஆகவே புதிய மரம் எப்போதும் வெளிப்பக்கம்தான் சேர்கிறது. நடுவில் இருப்பது மரத்தின் குழந்தைப் பருவம். மரத்தோலை ஒட்டி இருப்பது அது வெட்டப்பட்ட ஆண்டு. இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு இது உதவும்.

ஒரு வட்டம் ஒரு வயது, அவ்வளவுதானே சார்?

வெளிர்ப்பட்டையும் கரும்பட்டையும் சேர்ந்ததுதான் ஒரு வட்டம். பிள்ளைகள் இரண்டையும் தனித்தனியாக எண்ணி, முப்பது வயது மரத்துக்கு அறுபது என்று எழுதிவிடுகிறார்கள். கரும்பட்டைகளை மட்டும் எண்ணினால் போதும்.

அப்படி எண்ணினாலும் அது அறுத்த உயரத்தில் உள்ள வயதுதான். தரையிலிருந்து நாலடி மேலே அறுத்த கட்டையில், மரம் நாலடி வளர எடுத்துக்கொண்ட ஆண்டுகள் இருக்காது.

எங்கள் தெருவில் விழுந்த வேப்பமரத்திலும் இப்படி எண்ணலாமா?

வர்தா புயலில் 2016 டிசம்பரில் சாய்ந்த மரங்களை அறுத்தபோது இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டார்கள் என்று கணக்கே இல்லை. எண்ணத் தொடங்கினால் பத்தாவது வட்டத்துக்குள் குழம்பிவிடுவீர்கள். மரத்தை மூன்று நான்கு மாதம் கட்டிப்போடும் குளிர்காலம் சென்னையில் இல்லை. வேம்பும் பூவரசும் வறண்டபோது சற்று ஓய்ந்து, நனைந்தபோது மறுபடி கிளம்பும். அது ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

நம் பக்கத்து மரங்களில் தேக்கு நல்ல விதிவிலக்கு. வறண்ட பருவத்தில் இலையை முழுக்கக் கொட்டிவிட்டு நிற்பதால் அதன் வளையம் தெளிவாக விழும். கேரளத்துத் தேக்கு வளையங்களைக் கொண்டு பழைய பருவமழையையே ஆராய்ந்திருக்கிறார்கள்.

எண்ணூர்ப் பக்கம் நிற்கும் சவுக்கும் ஊசி இலைதானே? அதுவும் பைன்தானே?

இல்லை. சவுக்கில் ஊசிபோல இருப்பது இலையே அல்ல, பச்சைச் சிறுகிளை. ஒன்றைப் பிடித்து இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். கணுவைச் சுற்றிப் பல் போல இருக்கும் சின்னச் செதில்கள்தாம் உண்மையான இலைகள். சவுக்கு பூக்கும் இனம், பைன் பூவாமல் கூம்பு விடும் இனம். சாரம் கட்டும் சவுக்குக் கம்பின் முனையில் வளையம் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், தெளிவாக இருக்காது. தோட்டங்களில் வைக்கும் 'கிறிஸ்துமஸ் மரம்' பெரும்பாலும் அராக்கேரியா. அதுவும் பைன் அல்ல.

நியூசிலாந்துக் கட்டையில் வளையம் விரல் அகலம் இருக்கிறது, பழைய பெட்டிப் பலகையில் நூல் நூலாக இருக்கிறது. எது நல்ல மரம்?

நியூசிலாந்திலிருந்து வருவது ரேடியேட்டா பைன். அதன் பூர்வீகம் கலிபோர்னியாவின் ஒரு சிறு கடலோரம். இன்று உலகில் பெரும்பகுதி நட்டு வளர்த்த தோப்புகளில் இருக்கிறது. மிதமான குளிர், போதுமான மழை, மனிதன் செய்யும் பராமரிப்பு எல்லாம் கிடைப்பதால் மளமளவென்று வளரும். 25 முதல் 30 ஆண்டுக்குள் வெட்டிவிடுகிறார்கள். வட ஐரோப்பாவின் பைனுக்குக் கோடை குறுகியது. அது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் சேர்ப்பதே பெரும்பாடு.

அகலத்தைவிடக் கரும்பட்டையின் பங்கைப் பாருங்கள். பலம் அதில்தான் இருக்கிறது. இன்னொன்று, மரத்தின் முதல் பத்து இருபது வளையங்கள் அகலமாகவும் இலேசாகவும் இருக்கும். காயும்போது நீளவாக்கில் சுருங்கி முறுக்கிக்கொள்ளும். இளம் வயதில் வெட்டிய கட்டையில் இந்தப் பகுதியின் பங்கு அதிகம். என் வீட்டுப் புத்தக அலமாரித் தட்டு ஒன்று வில்லாக வளைந்து நிற்கிறது. நடுப்புள்ளி ஓடிய பலகையை விலை குறைவு என்று நானே தேர்ந்தெடுத்தேன். தாவரவியல் படித்தவன் செய்த வேலை அது. கட்டில் காலுக்கும் சட்டத்துக்கும் நடுப்புள்ளி விழுந்த துண்டை வாங்காதீர்கள்.

வளையம் அகலமாக இருந்தால் அந்த ஆண்டு நல்ல மழை என்றுதானே அர்த்தம்?

மரம் எங்கே நின்றது என்று தெரியாமல் அதைச் சொல்லக் கூடாது. ஒரு மரத்துக்கு எது மிகவும் பற்றாக்குறையோ அதைத்தான் வளையம் பதிவு செய்யும். வறண்ட சரிவில் நிற்கும் பைனுக்குத் தண்ணீர்தான் பஞ்சம். மழை பெய்த ஆண்டு வளையம் அகலமாகும். மலையுச்சியில், இதற்கு மேல் மரமே வளராது என்ற எல்லையில் நிற்கும் பைனுக்குத் தண்ணீருக்குக் குறைவில்லை, வெப்பம்தான் பஞ்சம். அங்கே வெயில் நன்றாக அடித்த கோடைதான் அகல வளையம் தரும். ஒரே மலையின் அடிவாரத்திலும் உச்சியிலும் ஒரே ஆண்டின் வளையம் எதிரெதிர்ச் செய்தி சொல்லலாம்.

இமாசலப் பிரதேசத்தின் கின்னோர் பகுதியில் சில்கோசா பைன் வளர்கிறது, அந்தப் பெயரில் விற்கும் பருப்பு இதன் விதைதான். அது வறண்ட பாறைச் சரிவில் நின்று, சில மரங்கள் ஆயிரம் ஆண்டையும் தாண்டியவை. லக்னோவில் உள்ள பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனத்தார் இத்தகைய இமயமலை மரங்களின் வளையங்களிலிருந்து பழைய மழையைக் கணித்திருக்கிறார்கள். வறண்ட இடத்து மரம் என்பதால்தான் அதனால் மழையைப் பற்றிச் சொல்ல முடிகிறது. நீர் ததும்பும் பள்ளத்தில் நின்ற பைனிடம் மழையைப் பற்றிக் கேட்டால், அதற்கு எல்லா ஆண்டும் ஒன்றுதான்.

அகலம் மட்டுமே செய்தியும் அல்ல. இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815-ல் வெடித்து, அடுத்த ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடை குளிர்ந்துபோனது. அப்படிப்பட்ட கோடையில் குழல்சுவர் தடிக்க நேரம் போதாமல் கரும்பட்டை மெலிந்து வெளிறும். கடும் உறைபனி வளரும் பருவத்தில் தாக்கினால் குழல்கள் நசுங்கிய தழும்பே வளையத்துக்குள் இருக்கும்.

போன ஆண்டு வறட்சி வந்தால் இந்த ஆண்டு வளையத்திலும் தெரியுமா?

தெரியும். பைன் ஊசியிலைகள் பல ஆண்டு கிளையிலேயே இருக்கும். வறண்ட ஆண்டில் ஊசிகள் குட்டையாக, குறைவாக உண்டானால், அடுத்த சில ஆண்டுகளுக்குச் சமையல் அந்தக் குறைந்த அடுப்பில்தான் நடக்கும். சேமிப்பு மாவுச்சத்தும் கரைந்திருக்கும். 2019-ல் புழல் ஏரி வறண்டபோது பட்ட கடனை அடைக்க எத்தனை வீடுகளுக்கு மறு ஆண்டும் போதவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள், மரத்தின் நிலையும் அதேதான்.

நடுவில் வளையம் அகலம், வெளியே போகப் போகக் குறுகல். அப்படியானால் மழை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்திருக்கிறதா?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். நன்றாகப் படித்தவர்களும் இங்கே சறுக்குகிறார்கள். குறுகுவதற்கு முதற்காரணம் வயது, வானிலை அல்ல.

ஒரு கைப்பிடிக் கோலமாவை எடுத்துச் சின்னக் கோலம் ஒன்றைச் சுற்றிக் கோடு இழுங்கள், பட்டையாக வரும். அதே ஒரு கைப்பிடியை வாசலை அடைத்த பெரிய கோலத்தைச் சுற்றி இழுங்கள், நூலாகத்தான் வரும். மாவு குறையவில்லை, சுற்றளவு கூடிவிட்டது. கணக்காகவே பார்க்கலாம். நடுவிலிருந்து 50 மில்லிமீட்டர் பருத்த மரம் ஓராண்டில் 5 மில்லிமீட்டர் வளையம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பரப்பளவு மரத்தை 200 மில்லிமீட்டர் ஆன பிறகு போட்டால் வளையத்தின் அகலம் 1.3 மில்லிமீட்டர்தான். மழையும் வெயிலும் ஒரு சொட்டும் மாறாமலேயே வளையம் நாலில் ஒரு பங்காகிவிட்டது.

இதோடு முதுமையின் செலவும் சேரும். உயர்ந்த மரம் தண்ணீரை நுனிவரை இழுக்கவே பாடுபட வேண்டும். உண்டாக்கும் உணவில் பெரும்பங்கு ஏற்கெனவே உள்ள உடலைக் காப்பாற்றப் போய்விடும். தோப்பில் பக்கத்து மரம் வெளிச்சத்தை மறைத்தாலும் வளையம் ஒடுங்கும், அதை வெட்டிவிட்டால் திடீரென்று விரியும். இவை எதிலும் வானிலைக்குப் பங்கு இல்லை.

அப்படியானால் வயதைக் கழித்துவிட்டு வானிலையை மட்டும் எப்படிப் பார்க்கிறார்கள்?

வளையங்களின் அகலத்தை வரிசையாக அளந்து வரைபடத்தில் இட்டால் மேடும் பள்ளமுமாகச் சரிந்து இறங்கும் ஒரு கோடு வரும். அதன் நடுவே, முதலில் செங்குத்தாகவும் பிறகு தணிந்தும் இறங்கும் வழுவழுப்பான ஒரு வளைவைப் பொருத்துவார்கள். அது வயதின் பங்கு. ஒவ்வோர் ஆண்டின் உண்மை அகலத்தையும் அந்த ஆண்டுக்கு வளைவு சொல்லும் அகலத்தால் வகுத்தால் ஒன்றைச் சுற்றி ஆடும் எண்கள் கிடைக்கும். 1.4 என்றால் அந்த வயதுக்கு எதிர்பார்த்ததைவிட நல்ல ஆண்டு, 0.6 என்றால் மோசமான ஆண்டு. இப்போது கிழமரத்தின் ஒரு மில்லிமீட்டரையும் குழந்தை மரத்தின் ஐந்து மில்லிமீட்டரையும் ஒரே தராசில் வைக்கலாம். ஒரே இடத்துப் பல மரங்களின் எண்களைச் சராசரி எடுத்தால் ஒரு மரத்தின் சொந்தக் கதை, அதாவது பூச்சியோ முறிந்த கிளையோ, அமுங்கி, எல்லோருக்கும் பொதுவான வானிலை மேலே வரும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நூறு ஆண்டாக வானிலை உண்மையிலேயே மெல்ல மெல்லக் கெட்டுவந்திருந்தால், அந்தச் சரிவையும் வயது என்று நினைத்து வளைவு விழுங்கிவிடும். ஆகவேதான் வெவ்வேறு காலத்தில் பிறந்த மரங்களைச் சேர்த்து, எல்லா மரத்துக்கும் பொதுவான ஒரே வயது வளைவை உண்டாக்கும் முறையும் வந்தது. அதற்கு நிறைய மரம் வேண்டும்.

கிழமரமும் இளமரமும் ஒரே வெயிலை ஒரே மாதிரி உணருமா?

உணர வேண்டும் என்பதில்லை. ஆல்ப்ஸ் மலையின் மர எல்லையில் ஆண்டு முழுதும் கவனித்தபோது, முதிய மரங்களில் கேம்பியம் இளமரங்களைவிடத் தாமதமாகவே விழித்தது. வேலை நாட்கள் குறைந்தால் அந்தச் சில வாரங்களின் வானிலை அதற்கு அதிகமாக உறைக்கும். மறுபக்கம், வேர் ஆழம் போகாத கன்றுக்குச் சிறு வறட்சியும் பேரிடி. மரவகைக்கு மரவகை இது மாறுகிறது. மேலே சொன்ன வகுத்தல் அகலத்தின் வயது வேறுபாட்டைத்தான் நீக்கும். வானிலையை உணர்வதில் உள்ள வேறுபாட்டை நீக்காது.

சில ஆண்டுக்கு வளையமே இருக்காதாமே? பிறகு எண்ணி என்ன பயன்?

உண்மைதான். கடும் வறட்சியில் கிழப் பைன் அடிமரத்தின் ஒரு பக்கம் வளையமே போடாமல் விட்டுவிடும். மாறாக, பருவத்தின் நடுவில் வறண்டு மறுபடி மழை பிடித்தால் ஒரே ஆண்டில் இரண்டு கரும்பட்டை விழும். போலி வளையத்தின் உள்ளோரமும் வெளியோரமும் மங்கலாகக் கரையும். உண்மை வளையத்தின் வெளியோரம் அந்தக் கத்திக் கீறல்போல இருக்கும்.

இதற்கு மருந்து, ஒரு மரத்தை நம்பாமல் பல மரங்களை ஒப்பிடுவது. எங்கள் தெருப் பாட்டிகள் இருவரிடம் பழைய கதை கேட்டால், ஒருவர் நடுவில் ஓர் ஆண்டை விட்டுவிடுவார். ஆனால் 2015 வெள்ளம், மறு ஆண்டே புயல், மூன்றாண்டு கழித்துத் தண்ணீர் லாரி வரிசை என்ற அடுக்கு இருவரிடமும் இருக்கும். அதை ஒட்டவைத்தால் விட்டுப்போன ஆண்டு எது என்று பிடிபட்டுவிடும். குறுகல், அகலம், குறுகல் என்ற அடுக்கும் அப்படித்தான். அமெரிக்க வானியலாளர் ஏ. இ. டக்ளஸ் சூரியப்புள்ளிகளின் சுழற்சியைத் தேடி அரிசோனாவின் பைன் மரங்களிடம் போனவர். 1929-ல் ஒரு பழைய உத்திரத் துண்டு அவரிடம் இருந்த இரண்டு வளைய வரிசைகளையும் இணைக்க, அங்குள்ள தொல்குடியினரின் பாழடைந்த வீடுகள் எந்த ஆண்டில் கட்டப்பட்டவை என்று சொல்ல முடிந்தது.

நடுப்புள்ளி ஒரு ஓரமாக ஒதுங்கிக் கிடக்கிறதே, வெயில் அந்தப் பக்கம் குறைவாகப் பட்டதா?

ஆசாரிகளின் விருப்பமான கதை இது. பெரும்பாலும் மரம் சாய்ந்து நின்றிருக்கும். பைன் இனம் சாய்ந்தால், கீழ்ப்பக்கத்தில் தடித்த, செந்நிறமான, கனத்த மரத்தைச் சேர்த்துத் தன்னை நிமிர்த்தப் பார்க்கும். அகலமாக, கரும்பட்டை தடித்து இருப்பதால் பலமான மரம் என்று ஏமாந்துவிடாதீர்கள். அது காயும்போது நீளவாக்கில் சுருங்கிப் பலகையை வளைக்கும்.

பேலட் கட்டையில் முத்திரை இருக்கிறது, வளையமும் இருக்கிறது. எந்த நாட்டில் எந்த ஆண்டு வறட்சி என்று சொல்லிவிடலாமா?

கோதுமைக் கதிர் படம் போட்ட அந்த முத்திரையின் இரண்டெழுத்து, பூச்சி நீக்கும் பதனம் எந்த நாட்டில் நடந்தது என்பதைத்தான் சொல்லும். எச்.டி. என்றிருந்தால் கட்டையின் உள்ளே 56 டிகிரி வெப்பம் 30 நிமிடம் ஏற்றியிருக்கிறார்கள். மரம் வேறு நாட்டில் வளர்ந்திருக்கலாம். மரத்தோல் இல்லாததால் வெளிவளையம் எந்த ஆண்டு என்று தெரியாது. ஒரு துண்டில் பத்து வளையம் இருந்தால் அதிகம், ஒப்பிடும் அடுக்குக்கு அது போதாது. மலையா பள்ளமா என்பதும் தெரியாது. அழகான கட்டை, ஆனால் சாட்சி சொல்லத் தகுதி இல்லை.

வெட்டாமல் பார்க்க வழியே இல்லையா?

இருக்கிறது. உள்ளீடற்ற துரப்பணத்தைக் கையால் முறுக்கி நடுப்புள்ளி வரை இறக்கினால், பென்சிலைவிட மெலிதாக, ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு குச்சி வரும். வளையங்கள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். துளையைப் பைன் தன் பிசினாலேயே அடைத்துக்கொள்ளும். கலிபோர்னியாவின் வெள்ளை மலைகளில் 1957-ல் மர வளைய ஆய்வாளர் எட்மண்ட் ஷுல்மன் இப்படித்தான், இன்று 4,800 ஆண்டைத் தாண்டி நிற்கும் ஒரு பிரிசில்கோன் பைனைக் கண்டார். ஆனால் நெவாடாவில் 1964-ல் ஓர் ஆய்வு மாணவர் அனுமதி பெற்றே வெட்டிய இதே இன மரத்தில் 4,862 வளையங்களை எண்ணினார்கள். எண்ணி முடித்தபோது மரம் இல்லை.

பள்ளிக்கு ஒரு வட்டு வேண்டும், எதைக் கொடுத்தனுப்பலாம் அண்ணா?

நடுப்புள்ளி விழுந்த முழு உருளைத் துண்டாகக் கேளுங்கள். விற்காத கடைத்துண்டு என்றால் நாங்கள் காசு வாங்குவதில்லை. முகத்தை இழைத்து, கரடு முரடான உப்புத்தாளில் தொடங்கி நயமான தாளில் முடியுங்கள். தேய்க்காமல் எண்ணினால் குறுகிய வளையங்கள் தப்பிவிடும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் கரும்பட்டை எழும்பித் தெரியும். நடுவிலிருந்து எண்ணிப் பத்துக்கு ஒரு குண்டூசி குத்துங்கள். ஒரு கோட்டில் எண்ணியதை இன்னொரு பக்கக் கோட்டிலும் எண்ணுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் காணாமல்போன வளையம் பற்றிய பதிலை மறுபடி படியுங்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முன்பு வந்தால் நல்லது, அதற்குப் பிறகு ரம்பம் ஓடத் தொடங்கிவிடும், நான் சொல்வது உங்கள் காதில் விழாது.